லாக்புக்கின் கடைசிக் கட்டத்தில் யார் எழுதுவது? எம்பிபிஎஸ் புதிய பாடத்திட்டம் தடுமாறும் இடம்

எம்பிபிஎஸ் படிக்கும் மாணவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவருடைய லாக்புக்கை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் ஒரு வரிசையில் வரும் கட்டங்கள் இவை: திறனின் எண், செய்த வேலை, தேதி, இது முதல் முயற்சியா மறுமுயற்சியா, எதிர்பார்த்த அளவுக்குச் செய்தாரா இல்லையா, ஆசிரியரின் முடிவு, ஆசிரியரின் கையெழுத்து. கடைசியில் இன்னொரு கட்டம் இருக்கும். 'எங்கே சரியாகச் செய்தாய், எங்கே தவறினாய் என்று ஆசிரியர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்' என்பதற்காக மாணவர் போட வேண்டிய கையெழுத்து அது.

இந்திய மருத்துவக் கல்வியில் 2019-ல் வந்த மாற்றம் மொத்தத்தையும் இந்த ஒரு வரிசைக்குள் அடக்கிவிடலாம். அந்த மாற்றம் எங்கே திணறுகிறது என்பதும் இதே வரிசையில்தான் தெரிகிறது. முதல் ஏழு கட்டங்களும் எப்படியோ நிரம்பிவிடும். கடைசிக் கட்டம் நிரம்ப வேண்டுமென்றால், ஒரு சீனியர் டாக்டர் பத்து நிமிடமாவது மாணவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் நோயாளியிடம் பேசுவதையும் தொட்டுப் பார்ப்பதையும் கவனித்திருக்க வேண்டும்.

சரி, பழைய முறையில் என்னதான் குறை?

2019-க்கு முன்பு எம்பிபிஎஸ் படிப்பு, மருத்துவக் கவுன்சில் 1997-ல் வகுத்த விதிகளின்படி நடந்துவந்தது. பெரிய ஹாலில் லெக்சர், வார்டு போஸ்டிங், கடைசியில் பல்கலைக்கழகத் தேர்வு. இன்று மூத்த டாக்டர்களாக இருப்பவர்களில் பெரும்பாலானோர் அப்படிப் படித்து வந்தவர்கள்தான். அதனால் 'அந்த முறை டாக்டர்களையே உருவாக்கவில்லை' என்று சொல்ல முடியாது.

குறை தேர்வில் இருந்தது. கல்லீரல் வீக்கத்துக்கான காரணங்களைப் பத்துப் பக்கம் எழுதலாம். ப்ராக்டிகலில் ஒரு நோயாளியைக் கொடுத்து, 'பார்த்துவிட்டு வா' என்று அனுப்புவார்கள். மாணவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்டதைத் தேர்வாளரிடம் ஒப்பிப்பார். வயிற்றை எப்படி அழுத்தினார், நோயாளிக்கு வலித்ததா, அனுமதி கேட்டாரா, கையைக் கழுவினாரா என்பதையெல்லாம் பார்க்க ஆள் கிடையாது. நன்றாக ஒப்பித்தவர் பாஸ்.

எல்எல்ஆர் தேர்வில் எல்லா சிக்னலையும் சரியாகச் சொன்னவருக்கு, எட்டுப் போட்டுக் காட்டாமலே லைசென்ஸ் கொடுத்த மாதிரி.

இது இந்தியாவுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1975-ல் ஒரு மாற்றுத் தேர்வு முறையை முன்வைத்தார்கள். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேலை, சில நிமிடம் அவகாசம், மணி அடித்ததும் அடுத்த மேசை. ஒன்றில் பிரஷர் பார்க்க வேண்டும், ஒன்றில் எக்ஸ்ரே படிக்க வேண்டும், ஒன்றில் நோயாளியிடம் பேச வேண்டும். தேர்வாளர் கையில் செக்லிஸ்ட்டோடு பக்கத்திலேயே இருப்பார். எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். 'ஆஸ்கி' என்று மெடிக்கல் மாணவர்கள் சொல்லும் தேர்வு இதுதான்.

1990-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மில்லர் இதற்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். நான்கு படிகள் கொண்ட பிரமிடு அது. அடியில் 'தெரியும்'. அதற்கு மேல் 'எப்படிச் செய்யணும்னு தெரியும்'. அடுத்து 'செஞ்சு காட்டுவேன்'. உச்சியில் 'தினசரி வேலையில் நானே செய்றேன்'. எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடும். நோயாளிக்கு வேண்டியது மேல் இரண்டு படிகள்.

2019-ல் என்ன மாறியது?

மருத்துவக் கவுன்சிலின் கடைசிக் காலத்தில், அதை நடத்திவந்த ஆளுநர் குழு 'திறன் சார்ந்த மருத்துவக் கல்வி'யைக் கொண்டுவந்தது. கல்லூரி வட்டாரத்தில் இதைச் சுருக்கமாக சிபிஎம்இ என்பார்கள். 2020 செப்டம்பரில் பொறுப்பேற்ற தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்எம்சி, அதையே தொடர்ந்தது.

'இந்தப் பாடத்தை இத்தனை மணி நேரம் நடத்து' என்பதற்குப் பதிலாக, 'படிப்பை முடிக்கும்போது மாணவருக்கு என்னவெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்' என்று பட்டியல் போட்டார்கள். மூன்று தொகுதிகளில் ஏறத்தாழ 3,000 திறன்கள். ஒவ்வொன்றுக்கும் மில்லரின் படிகளைப் பின்பற்றி ஒரு நிலை குறிக்கப்பட்டது. லெக்சர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் விதி வந்தது.

கற்றுத்தரும் விதத்துக்கும் ஒரு வரிசை சொல்லப்பட்டது: முதலில் செய்து காட்டு, பிறகு கவனிக்க விடு, பிறகு கூட நின்று உதவ விடு, கடைசியில் தானே செய்ய விடு. டூவீலர் மெக்கானிக் கடைக்கு வேலை கற்க வந்த பையன் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி இன்ஜினைப் பிரிக்கிற வரைக்கும் போகும் வழி இதேதான். உலக மருத்துவக் கல்வி சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடம், தெருமுனைப் பட்டறைக்கு எப்போதோ தெரிந்த இடம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த 3,000 திறன்களில் 'தானே செய்ய வேண்டும்' என்ற உச்ச நிலையில் குறிக்கப்பட்டவை மிகக் குறைவு. பெரும்பாலானவை 'எப்படின்னு தெரியும்', 'செஞ்சு காட்டுவேன்' நிலைகளோடு நின்றுவிடுகின்றன. திறன் சார்ந்த கல்வி என்ற பெயருக்கு இது கொஞ்சம் கூச்சம் தரும் கணக்கு.

நோயாளியைச் சந்திக்க இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம் என்று முதலாண்டிலேயே மருத்துவமனை அனுபவம் சேர்க்கப்பட்டது. படிப்பின் தொடக்கத்தில் அறிமுக வகுப்புகள் வந்தன. மனப்பான்மை, அறநெறி, பேச்சுத்திறன் மூன்றையும் சேர்த்து 'ஏட்காம்' என்ற பெயரில் 27 பாடக்கூறுகள் வந்தன. இறந்துபோனவரின் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது, தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது, நோயாளியின் ரகசியத்தை எப்படிக் காப்பது போன்றவை முதல் முறையாகப் பாடத்திட்டத்துக்குள் முறைப்படி நுழைந்தன.

2021-22 பேட்ச்சிலிருந்து ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுவதும் அவர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்ற திட்டமும் சேர்ந்தது. வேலூர் சிஎம்சியில் இதன் மூத்த வடிவம் பல காலமாக இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி வீடு வீடாகப் போய் மக்களின் உடல்நிலையையும் வாழ்நிலையையும் பதிவு செய்வார்கள். கணியம்பாடி வட்டாரத்தில் அந்தக் கல்லூரிக்குப் பல பத்தாண்டு களப்பணி பின்னணி உண்டு. அந்தப் பின்னணி இல்லாத கல்லூரியில் இதே திட்டம், பஸ்ஸில் போய் இறங்கி, ஃபார்ம் நிரப்பி, குரூப் போட்டோ எடுத்துத் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

பாடத்திட்டம் காகிதத்திலாவது நிலையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2024 ஆகஸ்ட் 31 அன்று என்எம்சி வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில், தன்பாலின உறவு மீண்டும் 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற தலைப்பில் இடம்பெற்றது. இப்படிப்பட்ட பகுதிகளைப் பாடத்திலிருந்து நீக்கும் வேலை, 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகளை ஒட்டித்தான் தொடங்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 5 அன்று வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. ஒரே வாரத்தில் திருத்திய வடிவம் வந்தது. நோயாளியை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடத்திட்டத்துக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது.

பொம்மை நோயாளி எவ்வளவு தூரம் உதவும்?

புதுமை என்றாலே இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்கில் லேப். ஊசி போட ரப்பர் கை, பிரசவம் பார்க்க இடுப்பு மாடல், மார்பை அழுத்த மேனிக்வின். எல்லா மருத்துவக் கல்லூரியிலும் இது இருக்க வேண்டும் என்பது விதி.

மார்பழுத்தப் பயிற்சிக்கான 'ரெசஸி ஆனி' பொம்மையை நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டல் 1960-ல் உருவாக்கினார். பாரிஸின் சேன் ஆற்றில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சுதான் அதற்கு முகமானது. அந்தக் கதை எவ்வளவு உண்மை என்பது விவாதத்துக்குரியது. பல கோடிப் பேர் உயிர் கொடுத்துப் பழகிய முகம் அது என்பதில் விவாதம் இல்லை.

பொம்மையால் பெரிய நன்மை ஒன்று உண்டு. முதல் தவறு நோயாளியின் உடம்பில் நடக்காது. அரசு மருத்துவமனை வார்டில் ஒரே நரம்புக்கு மூன்று ஹவுஸ் சர்ஜன்கள் மாறி மாறி ஊசி குத்திப் பார்ப்பது யாருக்கும் புதிய காட்சி இல்லை. பெரும்பாலும் அப்படிக் குத்துப்படுவது, கேள்வி கேட்கத் தெரியாத ஏழை நோயாளியின் கைதான். ஸ்கில் லேபை ஆதரிக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஆனா பொம்மைக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். பூட்டி வைத்த லேபுக்குள் பாலித்தீன் உறையோடு நிற்கும் மேனிக்வின் யாருக்கும் எதையும் கற்றுத்தராது. ஆய்வுக் குழு வருகிற அன்று மட்டும் உறை கழற்றப்படுகிற லேப் என்றால், சொல்லவே வேண்டாம். மார்பை எவ்வளவு ஆழம் அழுத்தினாய், எத்தனை முறை நிறுத்தினாய் என்று அதே நிமிடத்தில் ஒருவர் சொன்னால்தான் கை திருந்தும். விலை உயர்ந்த மாடல்களில் திரையே அதைச் சொல்லிவிடும். மற்றவற்றுக்கு ஆசிரியர்தான் திரை.

'கிறுகிறுன்னு வருது' என்றால் என்ன?

பொம்மையால் கற்றுத்தரவே முடியாத ஒன்று நோயாளியின் பேச்சு. திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ ஓபியில் உட்காரும் மாணவரை யோசித்துப் பாருங்கள்.

"தலை கிறுகிறுன்னு வருது" என்கிறார் ஒரு பாட்டி. அறை சுற்றுகிற மாதிரி இருக்கிறதா, கண் இருட்டிக்கொண்டு விழப்போகிற மாதிரி இருக்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா? முதலாவது என்றால் காதுப் பக்கம் தேட வேண்டும், இரண்டாவது என்றால் இதயமும் பிரஷரும், மூன்றாவது என்றால் மூளையும் நரம்பும். பாட்டிக்கு எல்லாமே "மயக்கம்"தான். மாணவர் கேஸ் ஷீட்டில் 'மயங்கி விழுந்தார்' என்று எழுதிவிட்டால், அடுத்தடுத்து எடுக்கப்படும் டெஸ்ட்டுகள் எல்லாம் வேறு பாதையில் போகும்.

"நெஞ்சு கரிக்குது" என்பது அசிடிட்டியாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். "சூடு பிடிச்சிருக்கு" என்றால் காய்ச்சல் என்று குறித்துக்கொள்பவர் உண்டு. வந்தவர் சொல்வதோ நீர்க்கடுப்பு. "ஜன்னி" என்பது ஒரு ஊரில் வலிப்பு, இன்னொரு ஊரில் காய்ச்சலில் பிதற்றுவது. "கொதிப்பு இருக்கு" என்றால் பிரஷர். மருமகளை அழைத்து வரும் மாமியார் "முழுகாம இருக்கா" என்கிறார். வெளிமாநில மாணவருக்கு மட்டுமல்ல, சென்னையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த தமிழ் மாணவருக்கும் அது கர்ப்பம் என்று சட்டெனப் பிடிபடாது. தெரியாமல் எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் போதும்.

அரசு கல்லூரிகளில் 15 சதவீத எம்பிபிஎஸ் இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. அந்த மாணவர்களுக்காகவே அறிமுக வகுப்புகளில் உள்ளூர் மொழிப் பயிற்சி சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிடுகிற மொழி, வார்டில் கைகொடுக்காது. அங்கே உண்மையில் மொழி ஆசிரியராக இருப்பவர் ஸ்டாஃப் நர்ஸ்தான், சில நேரம் வார்டு ஆயா. அவர்கள் பெயர் எந்த லாக்புக்கிலும் வராது.

மக்கள் மொழியில் மருத்துவம் கற்பிப்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 19-ம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்று வெளியே வந்தவர்கள் 60 பேருக்கு மேல். ஊருக்குள்ளேயே இருந்து ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்களை உருவாக்குவது அவருடைய நோக்கம். அந்த நோக்கத்திலிருந்துதான் மொழி பற்றிய முடிவும் வந்தது. இன்றைக்கு மருத்துவத் தமிழ் என்றால் பேச்சு பாடப்புத்தக மொழிபெயர்ப்போடு நின்றுவிடுகிறது. பாட்டியின் "கிறுகிறு"வை அந்தப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

அப்படின்னா எங்கே இடிக்குது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 மாணவர்கள் உள்ள ஒரு பேட்ச். ஒரே ஒரு திறனை, ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு முறை செய்வதை, ஆசிரியர் 10 நிமிடம் கவனித்துக் கருத்துச் சொல்கிறார். மொத்தம் 25 மணி நேரம். இப்படி 20 திறன்கள் என்றால் 500 மணி நேரம். மறுமுயற்சி இதில் சேரவில்லை. இது ஒரு பேட்ச்சின் கணக்கு. கல்லூரியில் ஒரே நேரத்தில் நான்கைந்து பேட்ச்கள் இருக்கும்.

இதைச் செய்ய வேண்டிய ஆசிரியர் யார்? காலையில் ஓபி பார்ப்பவர், பிறகு வார்டு ரவுண்ட்ஸ் போகிறவர், தியேட்டரில் நிற்பவர், நைட் டியூட்டி பார்ப்பவர், முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டைத் திருத்துபவர், ஆய்வுக் குழுவுக்கு ஃபைல் தயார் செய்பவர். அரசு மருத்துவமனையில் இவருக்கு முதல் கடமை வரிசையில் நிற்கும் நோயாளி. அது நியாயமும்கூட.

அதனால் நடப்பது என்ன? போஸ்டிங் முடிகிற கடைசி நாளில் லாக்புக்குகள் கட்டாக மேசைக்கு வரும். 'எதிர்பார்த்த அளவு செய்தார்' என்ற எழுத்து வரிசையாக விழும். கையெழுத்தும் விழும். மாணவரும் கடைசிக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிடுவார், கேட்காத கருத்தைக் கேட்டதாக. இதில் ஆசிரியரைச் சோம்பேறி என்றோ மாணவரைப் பொய்யர் என்றோ சொல்லிவிடலாம், சுலபம்தான். 500 மணி நேரத்தை யார் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

இந்த நிலையில்தான் இடங்கள் வேகமாகப் பெருகின. 2014-க்கு முன்பு நாடு முழுவதும் 387 மருத்துவக் கல்லூரிகளும் 51,348 எம்பிபிஎஸ் இடங்களும் இருந்தன. பத்தே ஆண்டுகளில் இரண்டும் ஏறத்தாழ இரு மடங்காகி, இடங்கள் 1.1 லட்சத்தைத் தாண்டின. தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நீலகிரிக்கும் மருத்துவக் கல்லூரி வந்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த மாவட்ட மக்களுக்கு அது பெரிய விஷயம். ஆனா கட்டடம் இரண்டு வருடத்தில் எழும்பும். பேராசிரியர் ஒருவர் உருவாகப் பதினைந்து வருடமாவது ஆகும்.

2025-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு, ஆசிரியர் பற்றாக்குறையும் வருகைப்பதிவுக் குறைவும் காரணமாக விளக்கம் கேட்டு என்எம்சி நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு ஜூலையில் ஆசிரியர் தகுதி விதிகளையும் தளர்த்தியது. 220 படுக்கைகளுக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனைகளைப் போதனா மருத்துவமனையாக்கலாம், அங்கே பத்தாண்டு அனுபவமுள்ள ஸ்பெஷலிஸ்ட்டுகளை இணைப் பேராசிரியராக்கலாம் என்றது புதிய விதி.

இதை 'தரம் போச்சு' என்று ஒரே வரியில் ஒதுக்குவது சரியல்ல. மாவட்ட மருத்துவமனையில் பத்து வருடம் பாம்புக்கடியும் பிரசவமும் பார்த்தவருக்கு, மாணவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஆனால் நன்றாக வைத்தியம் பார்ப்பவர் எல்லோருக்கும் நன்றாகக் கற்றுத்தர வரும் என்பதில்லை. அவருக்குக் கற்பிக்கும் பயிற்சி கொடுப்பார்களா, கற்பிக்க நேரம் ஒதுக்குவார்களா என்பதில்தான் இந்தத் தளர்வின் தலையெழுத்து இருக்கிறது.

நன்றாகப் பாடம் நடத்தினால் என்ன கிடைக்கும்?

நேர்மையான பதில்: மாணவர்களின் அன்பு. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும், ஆய்வு முறையியல் பயிற்சிச் சான்று வேண்டும், மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி சில நாள்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒருவர் இருபது வருடம் அருமையாகக் கற்பித்தாலும், கற்பிக்கவே இல்லை என்றாலும், பதவி உயர்வு ஃபைலில் வித்தியாசம் தெரியாது. கட்டுரை எண்ணிக்கை மட்டும் தெரியும்.

ஆசிரியருக்குப் பயிற்சி தரும் மரபு நம் பக்கத்தில் இல்லாமல் இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் 1970-களிலேயே தொடங்கப்பட்டது. கோவை பிஎஸ்ஜியில், சர்வதேச அமைப்பான ஃபைமரின் வட்டார மையம் மருத்துவக் கல்வி ஆர்வலர்களுக்குப் பயிற்சி தந்துவந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் மருத்துவக் கல்விப் பிரிவு ஒன்று இருந்தாக வேண்டும் என்பதும் விதி. பல இடங்களில் அந்தப் பிரிவு என்பது ஓர் அறை, ஒரு புரொஜெக்டர், தன் துறை வேலை முடிந்து மாலையில் வந்து உட்காரும் இரண்டு ஆர்வலர்கள்.

மாணவர் வார்டில் இருக்கிறாரா?

இது இன்னொரு பக்கம். ஆசிரியர் நிற்கத் தயாராக இருந்தாலும், மாணவர் வந்திருக்க வேண்டுமே.

எம்பிபிஎஸ் முடித்தவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது நீட் பிஜி. மூன்றரை மணி நேரம், 200 கேள்விகள், நான்கு பதிலில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். அதில் 'பாட்டியிடம் பொறுமையாகப் பேசினாயா' என்று கேட்க வழியில்லை. மில்லரின் பிரமிடில் கீழ் இரண்டு படிகளோடு நிற்கும் தேர்வு, மேல் இரண்டு படிகளைப் பழக வேண்டிய நேரத்தை விழுங்குகிறது. மூன்றாம் ஆண்டிலேயே மாரோ, பிரெப்லேடர் போன்ற ஆப்களில் சந்தா கட்டி வீடியோவும் கேள்வித் தொகுப்புமாக உட்காரும் மாணவரைக் குறை சொல்ல முடியாது. வார்டில் செலவிட்ட ஒரு மணி நேரத்துக்கு ராங்கில் மதிப்பில்லை, கேள்வித் தொகுப்பில் செலவிட்டதற்கு உண்டு. கையே பழகிக்கொள்ள ஒதுக்கப்பட்ட ஹவுஸ் சர்ஜன்சி வருடமே இன்று பலருக்குக் கோச்சிங் வருடம்.

அந்த ஆப்களையும் முழு வில்லனாக்க வேண்டியதில்லை. நன்றாக விளக்கும் ஆசிரியர்களின் வீடியோ, கள்ளக்குறிச்சி மாணவருக்கும் டெல்லி மாணவருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. லெக்சர் வேலையை அந்தத் திரை செய்துவிடும் என்றால், ஹாலில் நின்று ஸ்லைடு வாசிக்கும் ஆசிரியர் அந்த நேரத்தில் வார்டுக்கு வந்துவிடலாம். புதுமை என்று எதையாவது சொல்வதென்றால் இதைச் சொல்லலாம். ஆனால் டைம்டேபிளில் இரண்டுமே அப்படியே இருக்கின்றன.

எம்பிபிஎஸ் இறுதித் தேர்வு, லைசென்ஸ் தேர்வு, முதுநிலை நுழைவுத் தேர்வு மூன்றையும் ஒன்றாக்கும் 'நெக்ஸ்ட்' தேர்வை என்எம்சி சட்டமே சொல்கிறது. அதன் இரண்டாம் கட்டம் நேரடிச் செய்முறைத் தேர்வு என்பது திட்டம். 2023-ல் மாதிரித் தேர்வுக்கான பதிவு வரை போய், ஜூலையில் தள்ளிவைக்கப்பட்டது. மாநில உரிமை, கிராமப்புற மாணவர்களின் நிலை, கூடுதல் தேர்வுச் சுமை என்று தமிழ்நாடு எழுப்பிய எதிர்ப்புகளில் நியாயம் உண்டு. அதே சமயம், கையால் செய்து காட்டினால்தான் ராங்க் என்ற நிலை ஏதாவது ஒரு வடிவத்தில் வராத வரை, மாணவர் வார்டுக்குத் திரும்புவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஏதாவது?

இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் ஜான் நார்சினி குழுவினர் அறிமுகப்படுத்திய ஒரு முறை இப்போது பல நாடுகளில் புழங்குகிறது. இதற்காகத் தனி ஹாலும் வேண்டாம், தனி நாளும் வேண்டாம். ஓபியில் எப்படியும் பார்க்கப்போகிற நோயாளியை மாணவர் பார்க்கட்டும். ஆசிரியர் அந்த 15 நிமிடமும் குறுக்கே பேசாமல் கவனிக்கட்டும். முடிந்ததும் நன்றாகச் செய்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று. ஒரு சின்னப் படிவம். 'மினி செக்ஸ்' என்று கல்லூரிகளில் சொல்வது இதைத்தான். ஒருமுறை செய்தால் பெரிதாக எதுவும் தெரியாது. வெவ்வேறு நோயாளிகள், வெவ்வேறு ஆசிரியர்கள் என்று ஆறேழு முறை சேரும்போது அந்த மாணவரின் உருவம் தெளிவாகத் தெரியும்.

கவனிக்கும் கண் பேராசிரியருடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வலி தெரியாமல் ஊசி போடுவதைச் சொல்லித்தர வார்டு சிஸ்டரைவிடப் பொருத்தமானவர் யார்? பிஎஸ்சி நர்சிங் படிப்பும் செமஸ்டர் முறைக்கும் சிமுலேஷன் பயிற்சிக்கும் மாறிவிட்டது. ஆனால் நர்சிங் மாணவியும் எம்பிபிஎஸ் மாணவரும் ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வருடம் படித்தும் ஒரு வகுப்பில்கூடச் சேர்ந்து உட்காருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இரவு, கேஷுவாலிட்டியில் இதயம் நின்றுபோன ஒருவருக்கு முன்னால்தான் இருவரும் முதன்முதலாக ஒரு குழு ஆகிறார்கள். யார் மார்பை அழுத்துவது, யார் மருந்து எடுப்பது, டாக்டர் சொன்ன டோஸ் தவறு என்று நர்ஸுக்குப் பட்டால் எப்படிச் சொல்வது? இதை அந்த இரவில் கற்கக் கூடாது. பூட்டிக் கிடக்கும் ஸ்கில் லேபின் சாவியும் ஒரு பொது டைம்டேபிளும் இருந்தால் பகலிலேயே பழகிவிடலாம்.

புதிய முறையில் சேர்ந்த முதல் பேட்ச் 2019-ல் நுழைந்தது. இடையில் கொரோனா வந்து அவர்களின் வார்டு நாள்களைத் தின்றது. ஹவுஸ் சர்ஜன்சி முடித்து 2025-ல் வெளியே வந்த அவர்களில் பலர் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர்கள், சிலர் முதுநிலை மாணவர்கள். வார்டில் ஜூனியர்களுக்கு முதலில் ஊசி பிடிக்கச் சொல்லித்தருவது எப்போதும் இந்த முதுநிலை மாணவர்கள்தான். தங்கள் லாக்புக்கில் எந்தக் கையெழுத்து உண்மை, எது கடைசி நாளில் விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையான கணக்கெடுப்பைப் பல்கலைக்கழகமோ என்எம்சியோ நடத்தினால், அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு பட்டியல் கையில் இருக்கும்.